கடைசி இழுப்பறை

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு
வேலையிலிருந்து நேரே போய்விடுகிறேன்.
இரவெல்லாம் காதைக் கவ்வியிருந்த ஹெட்போனின் தடம்
கன்னத்தில் இன்னும் சிவப்பாய் இருக்கும்.
மொந்தெவிதேயோவின் ஜூலைக் காற்று
ஆற்றுப் பக்கமிருந்து வந்து
நடைபாதையில் விரித்த சாமான்களைப் புரட்டிப் பார்க்கும்,
வாங்காமல் விலை மட்டும் கேட்பவர்களைப் போல.

எபேர் எனக்கென்று எடுத்து வைத்திருப்பான்.
குழாய்த் திருகுகளுக்கும் செத்த ரேடியோக்களுக்கும் நடுவே
ஒரு தலை.
பிளாஸ்டிக் பையில் தனியாக ஒரு கை.
"உடம்பு எங்கே?"
"அடுத்த வாரம் வரலாம், நேலிதா. வராமலும் போகலாம்."
நானூறு பேசோ கேட்பான், முந்நூறு கொடுப்பேன்.
பேரம் முடிந்தால் அவன் மாத்தேயில் எனக்கும் ஒரு உறிஞ்சல்.

என் வேலை தொலைபேசியில்.
எரிகிறது என்பார்கள். மூச்சில்லை என்பார்கள்.
கதவை உடைக்கிறான் என்று
குரலை விழுங்கிக்கொண்டு சொல்வார்கள்.
முகவரி கேட்பேன், குறுக்குத் தெரு கேட்பேன்.
தூரத்தில் சைரன் கேட்டதும்
போனை வைத்துவிடுவார்கள்.
அதற்கு மேல் கதை எனக்குக் கிடையாது.
பத்தொன்பது வருடமாக
எல்லாம் பாதியில்.

பொம்மை அப்படியில்லை.
புது எலாஸ்டிக்கை உடம்புக்குள் விட்டு
கொக்கியால் இழுத்துக் கழுத்தில் மாட்டும்போது
தலையும் கைகால்களும்
'டக்'கென்று தத்தம் குழிக்குள் போய் உட்காரும்.
அந்த 'டக்'.

ஒற்றைக் கண் மூடாமல் வந்தாள் ஒருத்தி.
உள்ளே கம்பியில் துரு.
இரண்டு சொட்டு எண்ணெய், ஒரு முழுநாள் பொறுமை.
படுக்க வைத்தேன், தூங்கினாள்.
தூங்கியதை நானே பார்த்தேன்.

செல்லுலாய்டு வெடிப்புகளை
ஜன்னல் திறந்து, அடுப்பை அணைத்துத்தான் ஒட்டுவேன்.
சட்டென்று பற்றிக்கொள்ளும் சாதி அது.
என் சக ஊழியர்களுக்கு நானே போன் செய்யும்படி
ஆகிவிடக் கூடாது.

இன்னொருத்தியின் முழங்காலில்
யாரோ எப்போதோ ஒட்டிய மருந்துப் பட்டை,
பசை காய்ந்து தோலாகவே மாறிவிட்டது.
வெந்நீரில் நனைத்து மெதுவாகப் பிரித்தேன்.
அடியில் காயமே இல்லை.
பழையபடி ஒட்டிவிட்டேன்.

ஒன்றை மட்டும் பழுது பார்ப்பதில்லை.
சிலவற்றின் வயிற்றில் ஒரு தகர டப்பா இருக்கும்.
கவிழ்த்து நிமிர்த்தினால் "மமா" என்று அம்மாவைக் கூப்பிடும்.
அதைக் கழற்றிக் கடைசி இழுப்பறையில் போட்டுவிடுவேன்.
அந்தச் சொல் இரவுகளில்
வேண்டிய மட்டும் கிடைக்கிறது எனக்கு.
மீசை நரைத்த குரல்கள்கூட
கடைசியில் அதைத்தான் சொல்கின்றன.

பதினேழு டப்பா சேர்ந்துவிட்டது.
இழுப்பறையை இழுத்தால் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு
எல்லாம் சேர்ந்து கத்தும்.
கீழ்வீட்டு பிதெகாய்ன் ஒருநாள்
கம்பளிச் செருப்போடு படியேறி வந்தார்.
"தப்பாக நினைக்காதீர்கள்... ஆடு வளர்க்கிறீர்களா?"

காட்டினேன்.
ஒன்றை உள்ளங்கையில் கவிழ்த்தார். "மேஏஏ."
இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.
பிறகு அலமாரியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:
"எது யாருடையது?"

குறித்து வைக்கவில்லை.
வாங்கிய விலை, தேதி, பசையின் பெயர் வரைக்கும்
எழுதி வைத்த நோட்டில்
அது மட்டும் இல்லை.

அவர் போன பின் ஒரு டப்பாவை எடுத்தேன்.
கிழிந்த துருத்திக்கு
பழைய கையுறையிலிருந்து தோல் வெட்டி ஒட்டினேன்.
வயிறு தோதாக இருந்தவளுக்குள் வைத்துத் தைத்தேன்.
வேறு யாருடைய குரலோ.
அவள் முகத்துக்குக் கொஞ்சம் கட்டையாகத்தான் இருந்தது.

கவிழ்த்து, நிமிர்த்தினேன்.
கூப்பிட்டாள்.

பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது:
"கேட்கிறது, சொல்லுங்கள்.
வைத்துவிடாதீர்கள்."